ஆயிரத்துச் சொச்சம் பிழைகள்

எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் இந்த வாரம் ஏமாற இருந்தார். திரையில் சிவப்பாக ஒரு பெட்டி. ரெஜிஸ்ட்ரியில் ஆயிரத்துச் சொச்சம் பிழைகளாம், உடனே சரிசெய்யாவிட்டால் கணினி போய்விடுமாம், சரிசெய்யப் பணம் கட்ட வேண்டுமாம். "காசு கட்டிட்டா வைரஸும் சேர்ந்து போயிடும்னு போட்டிருக்குண்ணே" என்று ஏடிஎம் கார்டைக் கையில் எடுத்துவிட்டார். நல்லவேளை, நான் ஆதார் நகலுக்காக அங்கே நின்றிருந்தேன்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள் மீது எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். அவற்றை விற்பவர்கள் மறுபடி எழுத வைக்கிறார்கள். கணினி தொடங்கும்போது எவை தாமாக ஓட வேண்டும், எந்தக் கோப்பை எந்த மென்பொருள் திறக்க வேண்டும், எந்தச் சாதனத்துக்கு எந்த டிரைவர் என்று விண்டோஸ் தனக்கு வேண்டிய அத்தனையையும் குறித்துவைக்கும் இடம் ரெஜிஸ்ட்ரி. லட்சக்கணக்கான பதிவுகள் அதில் உண்டு. என்றோ நீக்கிய மென்பொருள்கள் விட்டுப்போன பதிவுகள் அங்கே கிடப்பதால் கணினி மெதுவாவதில்லை. அவற்றைத்தான் இந்தப் பெட்டிகள் பிழை என்று எண்ணிக் காட்டிப் பயமுறுத்துகின்றன. இப்படிப்பட்ட மென்பொருள்களை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது. அவை கண்டதையும் அழித்துவைத்தால், விண்டோஸையே மறுபடி நிறுவ வேண்டிய நிலை வரலாம். பயந்தவர்களிடம் காசு பிடுங்கும் இந்த வியாபாரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைக் கணினியில் உண்மையாகவே வைரஸ் இருந்தது. அது சிவப்புப் பெட்டியின் பட்டியலில் இல்லை! வாடிக்கையாளர் யாரோ கொண்டுவந்த பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தன. உண்மையான ஃபோல்டர்கள் மறைக்கப்பட்டு உள்ளேயே இருந்தன. ஷார்ட்கட்டை அழித்தால் திரும்ப வரும். ரெஜிஸ்ட்ரியில் 'ரன்' என்ற இடத்தில் இருந்த வைரஸின் பதிவை அழித்தாலும் சில நொடிகளில் திரும்ப வரும். காரணம், பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்கிறது. முதலில் டாஸ்க் மேனேஜரில் அதன் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். பிறகு பதிவையும், அது சுட்டும் கோப்பையும் நீக்க வேண்டும். ஃபோல்டர்களை வெளியே கொண்டுவர 'அட்ரிப்' கட்டளை போதும். இந்த வரிசை மாறினால் வேலை வீண்.

இதற்கு நான் நம்பிப் பயன்படுத்துவது ஆட்டோரன்ஸ். கணினியோடு சேர்ந்து தாமாகக் கிளம்பும் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் காட்டும் இலவசக் கருவி. மைக்ரோசாஃப்டின் சொந்தப் பதிவுகளை மறைத்துவிட்டுப் பார்த்தால் அந்நியமானவை பளிச்சென்று தெரியும். அழிக்கக்கூட வேண்டாம், டிக்கை எடுத்தால் போதும், தவறென்றால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். எழுதியவர்கள் மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும். 1996இல் இருவரும் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தை 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது.

ருசினோவிச் பெயர் வந்துவிட்டால் 'விண்டோஸ் இன்டர்னல்ஸ்' புத்தகத்தைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 1992இல் ஹெலன் கஸ்டர் எழுதிய 'இன்சைட் விண்டோஸ் என்டி'தான் அதன் முதல் பதிப்பு. அடுத்ததை டேவிட் சாலமன் எழுதினார், மூன்றாவதில் ருசினோவிச் சேர்ந்தார். அதில் நான் நேசிப்பது இடையிடையே வரும் 'எக்ஸ்பெரிமென்ட்' பகுதிகளை. சொல்வதை நம்பு என்று புத்தகம் கேட்பதில்லை; இந்தக் கருவியைத் திற, இந்த இடத்தைப் பார் என்கிறது. ரெஜிஸ்ட்ரி பற்றிய பகுதியைப் பொறுமையாக வாசித்த ஒருவரைச் சிவப்புப் பெட்டியால் பயமுறுத்த முடியாது. கணினி பழுதுபார்க்கக் கற்றுத்தரும் ஒவ்வொரு இடத்திலும் அந்தப் புத்தகம் இருக்க வேண்டும்.

நம்பாமல் திறந்து பார்க்கும் அந்தப் பார்வை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை 2005 அக்டோபர் 31 அன்று ருசினோவிச்சே காட்டினார். கணினிக்குள் ஒளிந்திருக்கும் மென்பொருள்களைக் கண்டுபிடிக்கும் தன் ரூட்கிட் ரிவீலர் கருவியைச் சோதித்தபோது, தன் கணினியிலேயே ஏதோ ஒளிந்திருப்பதைக் கண்டார். பெயர் '$சிஸ்$' என்று தொடங்கும் எந்தக் கோப்பும், எந்த ரெஜிஸ்ட்ரி பதிவும் கண்ணுக்குத் தெரியவில்லை. தேடிப் போனால், காசு கொடுத்து வாங்கிய ஓர் இசைத்தட்டில் போய் நின்றது. சோனி பிஎம்ஜி வெளியிட்ட வான் ஸான்ட் ஆல்பம். நகலெடுப்பதைத் தடுக்க அதிலிருந்த மென்பொருள்தான் வேரோடு இறங்கி ஒளிந்துகொண்டிருந்தது. இரண்டு நொடிக்கு ஒருமுறை கணினியில் ஓடுபவற்றைத் துழாவியது. நீக்குவதற்கு வழியே தரப்படவில்லை.

அவர் கையாலேயே நீக்கினார். மறுபடி கணினியைத் தொடங்கினால் சிடி டிரைவையே காணோம்! அந்த மென்பொருள் சிடி டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவே தன் டிரைவரை ஃபில்டராக ரெஜிஸ்ட்ரியில் செருகிவைத்திருந்தது. கோப்பு போய்விட்டது, பதிவு மட்டும் இருந்தது. இல்லாத டிரைவரைத் தேடிக் கிடைக்காமல் விண்டோஸ் சிடி டிரைவையே கைவிட்டது. அந்தப் பதிவுகளை நிர்வாகி கணக்காலும் திருத்த முடியாது. தன் பிஎஸ்எக்ஸெக் கருவியால் ரெஜிஸ்ட்ரி எடிட்டரை 'சிஸ்டம்' கணக்கில் திறந்து, அந்த ஃபில்டர் பெயர்களை மட்டும் தேடி எடுத்தார். டிரைவ் திரும்பி வந்தது. ரெஜிஸ்ட்ரியைச் சரிசெய்வது என்றால் இதுதான். எங்கே, எது, ஏன் என்று தெரிந்து இரண்டொரு வரியைத் தொடுவது.

இதையெல்லாம் அவர் ஊரறிய எழுதிவைத்தார். '$சிஸ்$' மறைவைப் பயன்படுத்தி ஒளிந்துகொள்ளும் வைரஸ்கள் சில நாட்களிலேயே வந்தன. நவம்பரில் சோனி பிஎம்ஜி தட்டுகளைத் திரும்பப் பெற்றது. 2007 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷனுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அந்த மென்பொருளை நீக்கப்போய்ப் பழுதான கணினிகளுக்கு 150 டாலர் வரை ஈடு தர வேண்டியிருந்தது.