சோப்பும் வெடிக்கும்!



வெடியைப் பத்தி சிவகாசி, சாத்தூர் பக்கத்து ஆளுங்களுக்குப் பாடம் எடுக்கிற தைரியம் எனக்கில்லை. இது வேற வெடி. காலேஜ் எக்ஸ்போவுல ஸ்டால் போடலாம்னு ராத்திரி முழிச்சு அச்சுல ஊத்தின தேங்காய் எண்ணெய் சோப், காலையில நடுவுல வாய் பிளந்து கிடக்குமே... அந்த வெடிப்பு!

காரணம், சூடு. காஸ்டிக் சோடாவும் எண்ணெயும் சேர்ந்து சோப்பா மாறும்போது வெப்பம் வெளியாகும். அச்சோட ஓரம் சீக்கிரம் ஆறிடும். மேல்பக்கம் ஏடு கட்டி இறுகிடும். நடுப்பகுதி மட்டும் தகிச்சு உப்பும். அதுக்குப் போக வேற வழி? மேலே பிளந்துக்கிட்டு வரும். சில சமயம் பொங்கி வழியவும் செய்யும்.

நெட்ல கிடைக்கிற ரெசிபி பலதும் குளிர் நாட்டுக்காரங்க எழுதினது. ‘எண்ணெயைச் சூடாக்கு, ஊத்தினதும் கம்பளியால போர்த்து’ம்பாங்க. நம்ம ஊர் மே மாசத்துல சோப்புக்குக் கம்பளியா? தேங்காய் எண்ணெய் 25 டிகிரியிலேயே உருகிடும். சிவகாசி வெயில்ல அதை அடுப்புல வைக்கவே வேண்டாம். காஸ்டிக் கரைசல்தான் 80 டிகிரிக்கு மேல கொதிக்கும். அந்தப் பாத்திரத்தைத் தண்ணித் தொட்டியில நிறுத்தி, 35 டிகிரிக்கு இறக்கிட்டு அப்புறம் கலங்க. போர்வை வேண்டாம். ரெண்டு செங்கல் மேல அச்சைத் தூக்கி வெச்சு ஃபேனைப் போடுங்க. ஒரே பெரிய அச்சைவிட சின்னச் சின்னக் கப்புல ஊத்தினா சூடு தங்காது. பட்டாசு ஆலையில மருந்தைக் கொஞ்சங் கொஞ்சமா கலக்குறது ஏன்னு வீட்ல கேட்டா சொல்வாங்களே!

தேன், பால், சர்க்கரை மூணும் சூட்டை ஏத்தும். அரை கிலோ எண்ணெய்க்கு ஒரு டீஸ்பூன் தேன் தாராளம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்ல சோப் பண்ணணும்னு ஆசையா? பாலை ஐஸ் கட்டியா உறைய வெச்சு, அதுமேல காஸ்டிக்கைச் சிறிது சிறிதா தூவுங்க. இல்லேன்னா கருகின பால்கோவா கலர்தான்.

கண்ணு முன்னாடியே விரிசல் விட ஆரம்பிச்சா, கிளவுஸ் போட்ட கையால மெதுவா அழுத்தி மூடிட்டு, காத்தோட்டத்துல வைங்க. விரிசல் விட்ட சோப் கெட்டுப்போனதில்லை, அழகுதான் போச்சு. ஆனா வெட்டும்போது உள்ளே வெள்ளைக் கட்டியோ, கசியுற நீரோ தெரிஞ்சா அது சோப்பா மாறாத காஸ்டிக்கா இருக்கலாம். உடம்புல தொடவே கூடாது. இன்னொண்ணு: தனித் தேங்காய் எண்ணெய் சோப் சில மணி நேரத்துலயே கல்லாகும். வெதுவெதுப்பா இருக்கும்போதே வெட்டலேன்னா துண்டு துண்டா உடையும்.

விருதுநகர்னா எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. அதுக்காக இஷ்டத்துக்கு மாத்திடாதீங்க. 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 87 கிராம் காஸ்டிக். அதே அளவு நல்லெண்ணெய்க்குச் சுமார் 64 கிராம்தான். எண்ணெய் மாறினா கணக்கும் மாறும்.

பாத்திரம் எவர்சில்வர் மட்டும். அலுமினியத்துல காஸ்டிக் பட்டா சூடாகி ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அலுமினியப் பவுடர், பட்டாசு மருந்து இருக்கிற இடத்துப் பக்கமே இந்த வேலை வேண்டாம்ப்பா, ப்ளீஸ். தண்ணியிலதான் காஸ்டிக்கைப் போடணும், காஸ்டிக் மேல தண்ணி ஊத்தக் கூடாது. கண்ணாடி, கிளவுஸ் கட்டாயம். மேல தெறிச்சா எலுமிச்சம்பழம் தேடி ஓடாம, குழாயைத் திறந்து 15 நிமிஷம் கழுவுங்க. கண்ணுல பட்டா, கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி.

நாலு முதல் ஆறு வாரம் காய விட்டு, முதல்ல வீட்ல குளிச்சுப் பாருங்க. ஸ்டால் போட்டு விக்கிறதுன்னா, 2020 அழகுசாதனப் பொருள் விதிகள்படி உற்பத்தி லைசென்ஸ் வேணும். அதை விசாரிச்சுட்டு போஸ்டர் அடிங்க.