மண்ணுக்குள் மறைவதை யார் பார்த்தது?

அமராவதி நகருக்கு வருகிறவர்கள் அணையைப் பார்க்கிறார்கள், தேங்கி நிற்கும் நீரைப் பார்க்கிறார்கள், வியந்து திரும்புகிறார்கள். அணையைத் தாங்கும் கடைக்காலை எவரும் பார்ப்பதில்லை. பார்க்கவும் முடியாது! ஆனால் அதன் பலத்திலேதான் 1950களில் எழுந்த அந்த அணை இன்றும் நிற்கிறது.

இதே திருப்பூர் மாவட்டத்தில் பனியன் கம்பெனிகள் மாடிமேல் மாடியாக எழுகின்றன. கீழே ஓரிடத்தில் பாறை, ஓரிடத்தில் கரிசல், ஓரிடத்தில் தூர்த்த பள்ளம். உறுதியான மண் ஆழத்தில் இருந்தால் பைல் அடித்து இறக்க வேண்டியதுதான். அடித்து முடித்தபின் தலை மட்டுமே தெரியும். உடல் உடைந்ததா, நீளம் குறைந்ததா, யார் அறிவார்?

ஹாங்காங்கிலே 1999, 2000 ஆண்டுகளில் அந்த வேதனையைக் கண்டார்கள். அரசு வீட்டுவசதித் திட்டத்தில் 34 மாடிக் கட்டிடங்கள் இரண்டு. கீழே பைல்கள் உரிய ஆழத்துக்குப் போகவில்லை! குடிபுகும் முன்பே இரண்டையும் இடிக்க நேர்ந்தது. வீட்டுவசதி ஆணையத்தின் தலைவர் பதவி விலகினார்.

“சோதனைதான் செய்கிறோமே!” என்பார்கள். செய்கிறீர்கள், மறுக்கவில்லை. ஐ.எஸ். 2911 விதிப்படி, கட்டிடத்துக்கு அடித்த பைலின் மீது அது தாங்க வேண்டிய சுமையைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளக்க வேண்டும். சோதிக்க வேண்டியது நூற்றுக்கு அரையிலிருந்து இரண்டு. அதாவது, 400 பைல் அடித்தால் இரண்டிலிருந்து எட்டு! அந்த இரண்டைப் பொறுக்குவது யார்? அடித்தவரே பொறுக்கினால் அது சோதனையா, சடங்கா?

சோதிக்காத மற்றவற்றுக்குச் சாட்சி, அடித்த கணக்கேடு ஒன்றுதான். எத்தனை அடிக்கு எவ்வளவு இறங்கியது, கடைசிப் பத்து அடிக்கு எவ்வளவு என்று பைல்வாரியாக அங்கேயே எழுத வேண்டும். மாலையில் கொட்டகையில் உட்கார்ந்து மொத்தமாக எழுதும் கணக்கு, கணக்கல்ல, கதை!

2014 ஜூன் 28இல் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் மாண்டனர். இடி விழுந்தது என்று வானத்தின்மீது பழி போட்டார்கள். 2013இல் வங்கதேசத்து ராணா பிளாசா இடிந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் மடிந்தனர். முதல்நாளே சுவரில் விரிசல். மறுநாளும் வேலைக்கு அழைத்தார்கள்! இரண்டுக்கும் காரணம் பைல் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தவறு செய்தவர் ஒருவர், நசுங்கியவர் மற்றொருவர் என்பதை மறக்க முடியுமா?

ஆகவே கேட்கிறோம்: சோதிக்கும் பைலை ஒப்பந்தக்காரர் அல்லாத பொறியாளர் பொறுக்கட்டும். சோதிப்பவருக்கு ஒப்பந்தக்காரர் கூலி தர வேண்டாம். முடிவைத் தமிழில் எழுதிக் கம்பெனி வாசலிலே தொங்கவிடுங்கள். உள்ளே தைக்கப் போகும் பெண் அதைப் படித்துவிட்டுப் படியேறட்டும்.

செலவாகும் என்பீர்கள். ஆகட்டும்! கடைக்காலில் மிச்சம் பிடித்த காசுக்கு, கூரை வட்டி கேட்கும்.