ஆவணம் என்றொரு கொட்டடி

சென்ற மாத வாசகர் சந்திப்பில் எங்களுக்குள் மூண்ட விவாதம் தேநீர்க் கடை மூடும் வரை நீண்டும் தீரவில்லை. எழுதியாவது தீர்த்துக்கொள்வோம் என்றுதான் இந்தக் கட்டுரை. எரவாடா சிறையில் தாம் கண்ட பெண்களைப் பற்றிச் சுதா பரத்வாஜ் எழுதி, 2023இல் வெளியான ஆங்கில நூலை நண்பர் ஒருவர் அன்று அறிமுகம் செய்தார். அவர் பேசி முடித்ததும், நாங்கள் பெரிதும் மதிக்கும் மூத்த வாசகர் ஒருவர், "நல்ல ஆவணம். ஆனால் இலக்கியம் இல்லையே" என்றார். அவ்வளவுதான். நூல் மேசையிலிருந்து இறங்கிவிட்டது. அடுத்ததாக ஒரு மொழிபெயர்ப்பு நாவலுக்குப் போய்விட்டோம். அது அவருடைய தனிப்பட்ட ரசனையாக மட்டும் இருந்திருந்தால் நாங்களும் விட்டிருப்போம். நாற்பதாண்டுச் சிற்றிதழ் வாசிப்பு அவர் வாய்வழியே பேசியது என்று பட்டதனால் இந்த எதிர்வினை.

எங்களில் ஒருவர் அன்றிரவே ஒரு பட்டியல் போட்டார். வ.உ.சி.யின் சுயசரிதை, ராஜாஜியின் வேலூர்ச் சிறை நாட்குறிப்பு, சி.ஏ. பாலனின் 'தூக்குமர நிழலில்', தியாகுவின் 'சுவருக்குள் சித்திரங்கள்', பேரறிவாளனின் முறையீட்டு மடல். சிறை எழுத்து என்றதும் நம் நினைவுக்கு வருபவை இவைதாம். இவற்றுள் எதையும் ஆவணம் என்று சொல்லி நாம் இறக்கிவைத்ததில்லை. வ.உ.சி. இழுத்த செக்கு நமக்கு ஒரு படிமம். தூக்குமரம் ஒரு படிமம். ஆண் சிறைக்குப் போனால் அது தியாகம் அல்லது தத்துவம். இரண்டுக்கும் இலக்கியத்தில் இடம் உண்டு. ஆனால் சிறைக்குள் மாதவிலக்குத் துணிக்காக வார்டனிடம் கைநீட்டி நிற்கும் பெண்ணை என்ன செய்வது? அவளுக்கு நம்மிடம் படிமம் இல்லை. ஆகவே ஆவணம்.

தமிழ்ப் பெண்கள் சிறைக்குப் போகாதவர்கள் அல்லர். தென்னாப்பிரிக்கச் சிறையில் நோயுற்று வெளியே வந்து 1914 பிப்ரவரியில் தம் பதினாறாம் வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும். கடலூர் அஞ்சலையம்மாள் நிறைமாதத்தில் சிறையிலிருந்து பிள்ளைப்பேற்றுக்காக வெளியே வந்து, பெற்றெடுத்த சிசுவைத் தூக்கிக்கொண்டு மீண்டும் உள்ளே போனார். 1938 நவம்பரில் இந்தி எதிர்ப்பு மறியலில் கைதான பெண்களில் குழந்தையோடு சிறை சென்றவர் உண்டு. போனார்கள் என்பதைச் சரித்திரம் சொல்கிறது. உள்ளே இரவில் குழந்தை அழுதபோது அந்தக் கொட்டடியில் என்ன நடந்தது, பால் எங்கிருந்து வந்தது, பக்கத்துப் பாயில் படுத்திருந்த திருட்டு வழக்குக்காரி எழுந்து தொட்டில் கட்டினாளா? இவற்றைக் கேட்டு எழுதிவைக்க எந்த எழுத்தாளரும் போனதாக எங்கள் வாசிப்பில் தட்டுப்படவில்லை. வீராங்கனை கிடைத்துவிட்டாள், அது போதும் என்று இருந்துவிட்டோம்.

சுதா பரத்வாஜ் சத்தீஸ்கரில் தொழிற்சங்கமும் வழக்கறிஞர் பணியுமாக வாழ்ந்தவர். 2018இல் கைதாகி, எரவாடாவில் தூக்குத் தண்டனைக் கைதிகளுக்கான 'பாசி யார்டு' என்ற பகுதியில், ஆங்கிலப் பேராசிரியர் ஷோமா சென்னும் இருந்த அதே பிரிவில், தனிக் கொட்டடியில் வைக்கப்பட்டார். மற்றக் கைதிகளோடு கலந்து பழக அனுமதி இல்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று முற்றத்தைப் பார்ப்பது மட்டுமே அவருக்கு வாய்த்தது. அந்தப் பார்வையிலிருந்து ஒருத்திக்கு ஒன்றிரண்டு பத்தி என்ற அளவில் எழுபதுக்கு மேற்பட்ட பெண்களை அவர் எழுதியிருக்கிறார். நாவலின் விரிவு இல்லை என்று நம் நண்பர் குறைப்பட்டது இதைத்தான். கம்பியிடுக்கில் தெரியும் அளவுக்குத்தான் எழுதுவேன், தெரியாததை இட்டு நிரப்ப மாட்டேன் என்று ஒருவர் வைத்துக்கொண்ட கட்டுப்பாட்டை வடிவம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? அசோகமித்திரனிடம் இதே சிக்கனத்தைக் கண்டால் நாம் கொண்டாடுகிறோம்.

இன்னொரு குறை, ஒரே மாதிரியான கதைகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது. கணவனைக் கொன்றதாக வழக்கு, மருமகள் எரிந்து செத்ததாக வழக்கு, சில்லறைத் திருட்டு, கஞ்சாப் பொட்டலம். ஆமாம், திரும்பத்தான் வருகின்றன. வாய்தாவுக்குப் போவது, வழிக்காவலுக்குப் போலீஸ் இல்லை என்று வாய்தா தள்ளிப்போவது, தண்ணீர் வரிசையில் சண்டை, லாக்கப் அடைக்கும் நேரத்தில் தலையெண்ணிக்கை. சிறை என்பதே திரும்பத் திரும்ப வருவதுதான்.

1970 மே மாதம் அன்றைய பீகாரில் நக்சலைட் என்று கைதான மேரி டைலர் என்ற ஆங்கிலேயப் பெண் விசாரணையே முடியாமல் ஐந்தாண்டுகள், பெரும்பாலும் ஹசாரிபாக் சிறையில் இருந்தார். 1975இல் வழக்கைக் கைவிட்டு நாடு கடத்தினார்கள். 1977இல் அவர் எழுதிய நூலில் அவருடைய அரசியலைத் தேடிப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார். அதில் நிறைந்திருப்பது பெண்கள் பகுதியின் முற்றம்: தாயோடு உள்ளே வளரும் பிள்ளைகள், எந்த வழக்கு என்றே அறியாத ஆதிவாசிப் பெண்கள், சமையல், தோட்டம், நோய். அதே ஹசாரிபாக்கில் 2009 தொடங்கி நான்காண்டுகள் இருந்த தெலுங்கு எழுத்தாளர் பி. அனுராதாவும் தம் சக கைதிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு, நடுவே நாற்பது ஆண்டுகள் கடந்திருக்கின்றன என்பதை நம்ப எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது.

சினேகலதா ரெட்டியின் கதை நமக்கு இன்னும் அருகில் இருப்பது. சென்னையில் 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' நாடகக் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவர், 'சம்ஸ்காரா' திரைப்படத்தில் சந்திரியாக நடித்தவர். நெருக்கடி நிலையின்போது 1976 மே மாதம் கைதாகிப் பெங்களூர் மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். கடும் ஆஸ்துமா நோயாளி. அங்கே சாதாரணப் பெண் கைதிகளை அடிப்பதை எதிர்த்துச் சண்டை போட்டதும், உணவைச் சீராக்கப் போராடியதும் அவருடைய சிறைக் குறிப்புகளில் இருக்கின்றன. உடல்நிலை முற்றிலும் கெட்ட பிறகு 1977 ஜனவரி 15 அன்று பரோலில் விட்டார்கள். ஜனவரி 20 அன்று இறந்துபோனார். நெருக்கடி நிலையைப் பற்றித் தமிழில் இவ்வளவு எழுதிய நாம், சென்னை மேடையில் நின்ற இந்த நடிகையை எத்தனை முறை நினைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி, எண்கள். இலக்கியப் பக்கத்தில் எண்கள் எதற்கு என்று முகம் சுளிப்போர் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களில் பெண்கள் 23,772. மொத்தக் கைதிகளில் நான்கில் மூன்று பங்கினர் இன்னும் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். பெண்களுக்கென்றே அமைந்த சிறைகள் நாடு முழுவதும் 34. இந்தக் கடைசி எண்ணுக்குள் ஒரு கதை ஒளிந்திருக்கிறது. பெண்களுக்கான சிறைகள் குறைவு என்பதால் ஊருக்குத் தொலைவில் அடைக்கப்படுகிறாள். தொலைவு என்பதால் மனு பார்க்க ஆள் வருவதில்லை. ஆண்கள் சிறையின் வாசலில் நேர்காணல் நாளன்று போய் நின்று பாருங்கள்: மனைவி, தாய், தங்கை என்று கையில் பையோடு வரிசை நிற்கும். பெண்கள் சிறையின் வாசலில் அந்த வரிசை எவ்வளவு நீளம்?

ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே இருப்பவள் இருக்கிறாள். ஜாமீன் என்றால் ஆள் பிணை வேண்டும். பிணை நிற்பவருக்குச் சொத்து வேண்டும். இவள் பெயரில் பட்டா கிடையாது. பட்டா உள்ள அப்பனும் அண்ணனும் அவளைத் தலைமுழுகியாயிற்று. ஜாமீன் தரக்கூடாத குற்றங்களிலும் பெண் என்பதற்காகவே ஜாமீன் தரலாம் என்று சட்டம் இடம் வைத்திருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றிலொரு பங்குக் காலத்தைக் கழித்துவிட்டால், கடும் குற்றங்கள் நீங்கலாக, விடுவிக்கச் சொல்கிறது. எல்லாம் ஏட்டில் இருக்கிறது. கையெழுத்துப் போட ஒரு மாமன் வர வேண்டுமே!

2006இல் உச்ச நீதிமன்றம் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் தாயோடு சிறையில் வளரும் குழந்தைகளைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆறு வயது வரை குழந்தை தாயோடு இருக்கலாம். பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் சிறை என்று எழுதக்கூடாது என்பன போன்ற நெறிமுறைகள் அதில் உண்டு. அந்தத் தீர்ப்பில் ஓர் ஆய்வைச் சுட்டி வரும் பகுதி எங்களைத் தூங்கவிடவில்லை. பெண்கள் மட்டுமே உள்ள கொட்டடியில் வளர்ந்ததனால் ஆண் குழந்தைகள் பெண்பாலில் பேசுகிறார்களாம். தெருவில் திரியும் மாடும் நாயும் அவர்களை அச்சுறுத்துகின்றனவாம். தமிழில் 'வருகிறேன்' என்பதற்கு ஆண் பெண் இல்லை, இந்தியில் உண்டு. மூன்று வயதுப் பையன் ஒருவன் தன்னைப் பெண்பால் வினைமுற்றில் சொல்லிக்கொண்டு வெளியுலகத்துக்கு வருகிறான். மொழியைப் பற்றியும் அதிகாரத்தைப் பற்றியும் பூக்கோவை மேற்கோள் காட்டி நாம் எழுதிக் குவித்த பக்கங்களில் இதற்கு ஈடான ஒரு வரி இருக்கிறதா? இதுவும் ஆவணம்தான். நீதிமன்ற ஆவணம்.

பெண் கைதியின் கதையை நாம் அறவே வாசிப்பதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. தினமும் காலையில் வாசிக்கிறோம். 'கள்ளக்காதல்' என்ற ஒற்றைச் சொல்லால் செய்தித்தாள் அவளை எழுதி முடித்துவிடுகிறது. அதற்கு முன்பே காவல்நிலையத் தமிழ் அவளை 'மேற்படி எதிரி' ஆக்கி, சம்பவ இடத்தில் நிறுத்தி, அவள் கைரேகையை வாங்கியிருக்கிறது. பிறகு மாஜிஸ்திரேட்டிடம் ஒரு கதை, வக்கீலுக்கு ஒரு கதை, உள்ளே வந்ததும் பக்கத்துப் பாய்க்காரியிடம் ஒரு கதை. இவற்றில் பொய்யும் இருக்கும். தன் உயிருக்காகக் கதை மாற்றிச் சொல்பவள் பொய் சொல்லாமல் என்ன செய்வாள்? நிரபராதியாக இருந்தால்தான் கேட்போம், அரசியல் கைதியாக இருந்தால்தான் கேட்போம் என்று நாம் வைத்திருக்கும் நிபந்தனை இங்கேதான் உடைபட வேண்டும். உண்மையாகவே கொன்றவளுக்கும் விடியற்காலையில் பல் துலக்கத் தண்ணீர் வேண்டியிருக்கிறது.

பைகுல்லா பெண்கள் சிறையில் 2017 ஜூன் மாதம் நடந்தது நினைவிருக்கலாம். தண்டனைக் காலத்தின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, தன் பிரிவுக்குப் பொறுப்பாளியாகவும் இருந்த ஒரு கைதி, காலை உணவில் இரண்டு முட்டையும் ஐந்து பாவ் ரொட்டியும் குறைகின்றன என்று கணக்குக் கேட்டார். அதற்காக அடிக்கப்பட்டு இறந்தார் என்பது வழக்கு. சிறை ஊழியர் ஆறு பேர் மீது கொலைக் குற்றச்சாட்டு. மறுநாள் சக கைதிகள் கூரை மேல் ஏறிப் போராடினார்கள். கலவரம் செய்ததாக அவர்கள் மீதும் வழக்குப் பாய்ந்தது. ஒரு நாவலாசிரியர் இதைக் கற்பனை செய்து எழுதியிருந்தால், முட்டையின் எண்ணிக்கை செயற்கையாக இருக்கிறது என்று நாமே விமர்சனம் எழுதியிருப்போம்.

நண்பரின் வாதத்தில் ஒன்று மட்டும் எங்களை உறுத்திக்கொண்டே இருக்கிறது; அதை மறைப்பது நேர்மையாகாது. எழுதியவர்கள் எல்லோரும் படித்தவர்கள், வெளியே பெயருள்ளவர்கள் என்றார் அவர். மேரி டைலர் விமானம் ஏறிப் போனார். அவர் எழுதிய பெண்கள் அதே முற்றத்தில் இருந்தார்கள். எழுதப்பட்டவளுக்குத் தான் எழுதப்பட்டது தெரியுமா, சம்மதித்தாளா, அவளுடைய அந்தரங்கத்துக்கு யார் பொறுப்பு? இதற்கு எங்களிடம் முழுமையான விடை இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை ஜி. நாகராஜனிடமோ ஜெயகாந்தனிடமோ நாம் கேட்டதுண்டா? விளிம்புநிலைப் பெண்ணைச் சிறுகதையாக்கிய ஆண் எழுத்தாளருக்குக் கலைஞனின் உரிமை. பக்கத்துக் கொட்டடியில் அடைபட்டுக் கிடந்து எழுதியவளுக்கு மட்டும் அறவியல் தேர்வா?

கடைசியாக எங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் அரங்கு அமைத்துக் கைதிகளுக்கான நூல்களைக் கொடையாகப் பெற்றபோது, நாங்களும் ஒரு கட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். சென்ற வாரம் அந்தப் பட்டியலைத் தேடி எடுத்துப் பார்த்தோம். எங்களிடம் இரட்டைப் பிரதியாக இருந்தவை, பழைய இதழ்த் தொகுப்புகள் சில, மூன்று சுயமுன்னேற்ற நூல்கள், எங்களில் ஒருவருடைய விற்காத கவிதைத் தொகுப்பு எட்டுப் பிரதி. பெண் எழுதிய நூல் இரண்டு. அவற்றில் ஒன்று சமையல்.

அடுத்த மாதச் சந்திப்புக்குச் சினேகலதா ரெட்டியின் சிறைக் குறிப்புகளை எடுத்துக்கொள்கிறோம். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஒளிநகல். ஓரங்களில் சில எழுத்துகள் விழவில்லை. வாசிக்க வேண்டுவோர் முன்கூட்டியே சொன்னால் படியெடுத்துத் தருவோம். மூத்த நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.