பூட்டி வைக்கவா கிடார்?

1958 முதல் 1960 வரை கிப்சன் செய்த சன்பர்ஸ்ட் லெஸ் பால் கிடாரை அன்று சீந்துவார் அதிகமில்லை. விற்பனை படுத்ததால் நிறுவனமே அந்த வடிவத்தைக் கைவிட்டது. இன்று அதன் விலை லட்சக்கணக்கான டாலர். வாங்கியவர்களில் சிலர் வாசிப்பதேயில்லை, பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிறார்கள். இது அடுக்குமா? முதலீடுதான் நோக்கமென்றால் தங்கம் வாங்கலாமே. கிடார் கலைஞர் பீட்டர் கிரீன் வைத்திருந்த 1959 லெஸ் பாலையே பாருங்கள்: அது இன்னொரு கிடார் கலைஞர் கேரி மூரிடம் போய், பிறகு சிலர் கைமாறி, 2014-இல் மெட்டாலிக்காவின் கர்க் ஹாமெட்டிடம் வந்தது. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் அதன் பிக்கப் ஒன்றில் காந்தம் திரும்பியிருக்கிறது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்து மீட்டினால் மூக்கடைத்த குரலில் முனகும். பழுது என்றுகூடச் சொல்லலாம், ஆனால் ரசிகர்கள் மயங்குவதே அந்த முனகலில்தான். ஹாமெட் அதை மேடைக்கே எடுத்துப்போய் அலறவிடுகிறார். வாசித்தால் கழுத்திலுள்ள ஃபிரெட் கம்பிகள் தேயுமே என்பார்கள். தேயட்டும், மாற்றிக்கொள்ளலாம். அதற்காக, பழைய கிடார் இல்லாவிட்டால் ஹார்ட் ராக்கே வராது என்று புலம்புகிறவர்களையும் நான் நம்புவதில்லை. எடி வான் ஹேலன் 1978-இல் முதல் ஆல்பத்திலேயே எல்லோரையும் வாய்பிளக்க வைத்தது, மலிவு விலையில் உடலும் கழுத்தும் வாங்கி, பழைய கிப்சன் பிக்கப் ஒன்றைப் பொருத்தித் தானே பூட்டிய கிடாரால்.