வில்லுக்கும் ஒரு சூட்டுப் பெட்டி

2011இல் வந்த 'வோர் ஒஃப் த அரோஸ்' கொரியப் படத்தை எங்களில் கனபேர் பார்த்திருப்பம். 1636 மஞ்சுப் படையெடுப்பு, பிடிபட்ட தங்கச்சியைத் தேடிப்போற வில்லாளி, வளைஞ்சு போற அம்பு. நல்ல படம்தான். ஆனால் எய்து முடிஞ்ச வில்லை எங்கே, எப்பிடி வைக்கிறது? எங்களுக்கு அதுதான் பெரிய கதையாத் தெரியுது.

கொரியாவின் கொம்பு வில்லுக்குப் பெயர் 'கக்குங்'. எருமைக் கொம்பு, மூங்கில், மல்பெரி மரம், மாட்டுத் தசைநார் எல்லாத்தையும் மீனின் காற்றுப்பையில் காய்ச்சின பசையால் ஒட்டிச் செய்வார்கள். அந்தப் பசைக்கு ஈரம் ஆகாது. மழைக்காலத்தில் வெளியில விட்டால் இளகி, வில் சோர்ந்துபோகும். அதனால் வில்லுக்கெண்டே ஒரு சூட்டுப் பெட்டி வைத்திருக்கிறார்கள். நாணைக் கழற்றினால் வில் மற்றப் பக்கமாச் சுருண்டு கிட்டத்தட்ட வளையமாகிவிடும். திரும்ப நாண் ஏற்றுறதுக்கு முதல் மெல்லச் சூடு காட்டவேணும்; இரண்டு பக்கமும் ஒரே அளவா வளையுதா எண்டு பார்க்கவேணும். அவசரப்பட்டால் முறுகும், சிலவேளை முறிஞ்சும் போகும். எய்யிறது ஒரு நொடி, பராமரிக்கிறது நாள் முழுக்க!

அம்பும் அப்பிடித்தான். ஆளின் கையளவுக்கு நீளம், வில்லின் பலத்துக்கு எடை. கட்டையான அம்பை முழுக்க இழுத்தால் அது பிடிகைக்குள்ள விழுந்து கையையே குத்தும். மெலிந்த அம்பு பலமான வில்லில் அளவுக்கு மிஞ்சி நெளிஞ்சு எங்கேயோ போகும். மிகவும் பாரம் குறைஞ்ச அம்பெண்டால், மிச்சச் சக்தி வில்லுக்கே திரும்பி அதைப் பழுதாக்கும். வெறும் நாணை இழுத்து விடக்கூடாது எண்டு சொல்றதும் இதுக்காகத்தான். மூங்கில் அம்பை ஒவ்வொருமுறையும் லேசா வளைச்சு, வெடிப்பு இருக்கா எண்டு பார்த்த பிறகுதான் நாணில் பூட்டவேணும்.

இப்ப ஃபைபர் கிளாஸ் வில்லும் காபன் அம்பும் வந்திட்டுது. விலை குறைவு, சூட்டுப் பெட்டி தேவையில்லை. 145 மீற்றர் தூரத்து இலக்குக்கு அதாலையும் எய்யலாம். அதை வைச்சுப் பழகிறவர்களைப் பார்த்து "இது பாரம்பரியமில்லை" எண்டு முகம் சுளிக்கிறது எங்களுக்குச் சரியாப் படேல்லை. கையில காசு இல்லாத பெடியன் வேற எதோட தொடங்குவான்?

ஆனால் அங்க கராத்தே மாதிரி 'டான்' தரங்கள் இருக்கு. 5ஆம் டானுக்கும் அதுக்கு மேலயும் போக, கொம்பு வில்லும் மூங்கில் அம்பும் கட்டாயம். இந்த விதியை நாங்கள் ஆதரிக்கிறம். அரசு 1971இலேயே வில், அம்பு செய்யிற கைவினையைப் பாதுகாக்கப்படும் மரபாக அறிவிச்சது. அறிவிப்பு நல்லதுதான். எண்டாலும் வில் செய்யிறவருக்கு வாங்க ஆள் வேணும். வாங்கினவருக்கு அதை வடிவாப் பார்க்கத் தெரியவேணும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்கிற வில்லுக்கு ஒருத்தரும் நாண் ஏற்றப்போறதில்லை.

செலவைச் சொல்லிச் சிலர் இந்த விதியை எதிர்க்கலாம். நியாயம்தான். கழகமொண்டு பொதுவாச் சில கொம்பு வில்லுகளை வைச்சிருந்து இரவல் குடுத்தால் அதுக்கும் வழி இருக்கு. தொடங்கிறவருக்கு 5ஆம் டானுக்கு இன்னும் கன வருசம் கிடக்கு. அதுக்குள்ள நாண் ஏற்றவாவது பழகலாம்தானே.