வெண்சேலையும் வெண்கலக் குரலும்

ஆனிப் பௌர்ணமி வந்தால் காரைக்கால் வீதிகளில் மாங்கனிகள் பறக்கின்றன. பிச்சாண்டவர் உலா வரும்போது மாடிகளிலிருந்து மக்கள் கனிகளை வாரி இறைக்கிறார்கள். கீழே ஆயிரம் கைகள் ஏந்துகின்றன. அழகிய விழாதான். ஆனால் அம்மையார் தம் பாடல்களில் மாம்பழத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கணவன் பரமதத்தனைப் பற்றியும் சொல்லவில்லை. அவை பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த சேக்கிழார் வழியாக நமக்குக் கிடைத்தவை. அம்மையாரோ தம்மைக் காரைக்காற் பேய் என்றே அறிமுகம் செய்துகொள்கிறார். பாடிய பெண்ணை ஒதுக்கிவிட்டு, அமுது பரிமாறிய மனைவியைக் கொண்டாடுவது நமக்கு எளிதாக இருக்கிறது.

இதே அநீதியை அம்மையாராக வேடம் புனைந்த ஒரு பாடகிக்கும் நாம் இழைத்து வருகிறோம். 1973இல் ஏ. பி. நாகராஜன் இயக்கிய 'காரைக்கால் அம்மையார்' படத்தில் இளம் புனிதவதியாக லட்சுமி நடித்தார்; பேயுருப் பெற்ற அம்மையாராக வந்தவர் கே. பி. சுந்தராம்பாள். அவரைப் பற்றி நம் மேடைகளில் ஒரே கதைதான் சொல்லப்படுகிறது. கிட்டப்பாவை இழந்தார், வெண்சேலை உடுத்தினார், துயரம் அவரைத் துறவியாக்கியது, அத்துயரமே குரலாயிற்று என்பது அக்கதை. கேட்போர் கண்களில் நீர் துளிர்க்கும். இக்கதையை நான் ஏற்பதற்கில்லை.

அந்தக் குரல் கிட்டப்பாவுக்கு முன்பே இருந்தது. 1908இல் கொடுமுடியில் வறுமையில் பிறந்து, சிறுமியாகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் கடைசி வரிசைவரை எட்டப் பாடிப் பழகிய குரல் அது. பெயருக்கு முன் நிற்கும் 'பி' என்னும் எழுத்தே தாய் பாலாம்பாளைக் குறிப்பதுதான். இலங்கையில் கொடிகட்டிப் பறந்த காலத்தில், கிட்டப்பாவோடு பாடி நிற்க இயலாது என்று பிறர் எச்சரித்ததையே அறைகூவலாகக் கொண்டு அவரோடு மேடையேறினார் என்பர். 1926இல் அவ்விருவரும் அங்கே ஒரே மேடையில் நின்றனர். அடுத்த ஆண்டு மணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. பூசலும் பிரிவும் அவ்வாழ்வில் நிறையவே இருந்தன. மேடைக்கதை இதையெல்லாம் விரைந்து கடந்துவிடும்!

1933 டிசம்பரில் கிட்டப்பா முப்பதை எட்டாமலே மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. இனி எந்த ஆணோடும் இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். துயரம் பொய்யன்று. ஆனால் நாடகக்காரி என்றாலே நாக்கூசாமல் பேசிய சமூகத்தில், துணையற்ற ஓர் இளம்பெண்ணுக்கு அந்த வெண்சேலை கவசமுமாயிற்று என்பதை ஏன் காண மறுக்கிறோம்? 'நந்தனார்' படத்தில் நடிக்கக் கேட்டு வந்தவரிடம் ஒரு லட்சம் ரூபாய் வேண்டும் என்றார். ஆளைத் திருப்பி அனுப்பவே அவ்வாறு கேட்டதாகச் சொல்வார்கள். வந்தவர் இணங்கிவிட்டார். 1935இல் படம் வெளிவந்தது. நந்தனார் என்னும் ஆண் வேடத்தில் நடித்தவர் இவரே. வேதியராக வந்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். கல்கி அப்படத்தைக் கடுமையாகக் கேலி செய்து எழுதினார். கேலியால் அக்குரல் அடங்கிவிடவில்லை. தன் விலையைத் தானே சொல்லும் துணிவைத் துறவு என்று பெயரிட்டு அழைப்பது எவ்வகை நேர்மை?

அமெரிக்காவில் அரீதா ஃபிராங்க்ளின் என்றொரு கறுப்பினப் பாடகி இருந்தார். போதகரின் மகள், ஆலயத்தில் பாடி வளர்ந்தவர். ஆன்ம இசையின் அரசி என்று அவரை அழைத்தனர். கூலியை முன்கூட்டியே ரொக்கமாக வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் மேடையேறுவார். புகழின் உச்சியில், 1972இல், ஆலயத்துக்கே திரும்பிவந்து பக்திப் பாடல்களைப் பதிவு செய்தார். கைப்பையைக் காட்டி அவருடைய பக்தியை எவரும் ஐயுறவில்லை. பக்தியைக் காட்டிக் கைப்பையை மறைக்கவுமில்லை. நம்மவருக்கு மட்டும் ஏன் இரண்டும் ஒருவரிடம் பொருந்துவதில்லை?

1953இல் ஔவையார், 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், பின்னர் பேயுரு. இளமையையும் இல்லறத்தையும் விட்டு நீங்கிய பெண்டிராகவே அவர் திரையில் வாழ்ந்தார். பாடும் பெண் முதியவளாக, தனியளாக, நீறணிந்தவளாக நின்றால்தான் நாம் அமைதியாக உட்கார்ந்து கேட்போம் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார் என்றே நான் கருதுகிறேன். நாம் விட்டுவைத்த அந்த ஒரே வாயிலில் நுழைந்து, மண்டபம் முழுவதையும் தமதாக்கிக்கொண்டார். சென்னைச் சட்ட மேலவையிலும் அமர்ந்தார். 1969ஆம் ஆண்டின் 'துணைவன்' படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது பெற்றபோது வயது அறுபதைக் கடந்திருந்தது.

இது பழங்கதையன்று. நம் பங்குகளின் பாடற்குழுக்களையே எண்ணிப் பாருங்கள். கிறிஸ்து பிறப்பு இரவில் ஆலயத்தை நிறைத்த எத்தனை இளங்குரல்கள் மணமுடித்த மறு ஆண்டே அவிந்துபோயின! அவ்வீடுகளில் யாரும் பாடாதே என்று தடுத்திருக்கமாட்டார்கள். பாடுவாயா என்று கேட்டிருக்கவும்மாட்டார்கள். அடுத்த ஒத்திகைக்கு முன் அந்தப் பெண்களின் வீடுகளுக்கு நம்மில் எவரேனும் போய் வருவோமா?