'வீட்டிலேயே இரு' என்றார்கள்... எந்த வீட்டில்? வடசென்னை ஊரடங்கு சொல்லும் பாடம்

2020 ஊரடங்கு என்றதும் சட்டென்று என்ன ஞாபகத்துக்கு வருகிறது? டால்கோனா காபி, ஸூம் மீட்டிங்கில் குறுக்கே ஓடிய குழந்தை, மொட்டை மாடியில் சாயங்கால வாக்கிங், பால்கனியில் நின்று தட்டிய கைதட்டல்.

அந்த நாட்களை ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஓர் ஒற்றை அறை வீட்டில் கழித்தவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டால் பட்டியல் வேறாக இருக்கும். தண்ணி லாரி எப்போ வரும் என்ற கவலை, பொதுக் கழிப்பறை வாசலில் வரிசை, தெருமுனையில் அடித்த தகரத் தடுப்பு, காசிமேட்டில் கட்டிக்கிடந்த படகு.

இரண்டு தரப்புக்கும் வந்த உத்தரவு ஒன்றுதான். 'விழித்திரு, விலகி இரு, வீட்டிலேயே இரு' என்று தமிழக அரசு சொன்னது. முதல் இரண்டையும் கடைப்பிடிக்க மனசு இருந்தால் போதும். மூன்றாவதுக்கு ஒரு வீடு வேண்டும். எந்த மாதிரி வீடு என்பதுதான் இங்கே கேள்வி.

என்ன நடந்தது? ஒரு சின்ன ரீவைண்ட்

* 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. பிறகு மே 3, மே 17, மே 31 என நீண்டுகொண்டே போனது.
* ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் 'முழு ஊரடங்கு'. அறிவிப்பு வந்தது ஏப்ரல் 24. இடையில் கிடைத்த ஒரு நாளில் மார்க்கெட்டுகளில் கூட்டம் அலைமோதியது.
* மே மாதம் கோயம்பேடு சந்தை வழியாகத் தொற்று பரவியது. மே 5-ம் தேதி சந்தை மூடப்பட்டது.
* ஜூன் 19 முதல் 30 வரை சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் மீண்டும் கடுமையான ஊரடங்கு. ஜூன் 21, 28 ஆகிய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் எந்தத் தளர்வும் இல்லை.

இந்த நாட்களில் வெளியான மண்டலவாரிப் பட்டியலில் ஒரு பெயர் பெரும்பாலும் முதலிடத்தில் நின்றது. அது ராயபுரம். சென்னை மாநகராட்சியின் 5-வது மண்டலம். ஜூன் முதல் வாரத்திலேயே அங்கே மொத்த பாதிப்பு 3,000-ஐத் தாண்டியது.

'அவங்க சொன்னா கேக்க மாட்டாங்க'

அப்போது வாட்ஸ்அப் குரூப்களில் அதிகம் சுற்றிய வசனம் இதுதான். வடசென்னைக்காரர்கள் விதியை மதிப்பதில்லை, தெருவில் திரிகிறார்கள், அதனால்தான் எண்ணிக்கை ஏறுகிறது என்பது அதன் சாரம்.

தெருவில் ஆட்கள் இருந்தது உண்மை. ஏன் இருந்தார்கள் என்பதற்கான பதில் அவர்களுடைய வீட்டு அமைப்பில் இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பழைய சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர் வசித்தார்கள். இது நகரின் சராசரி மட்டுமே. ராயபுரம் மண்டலத்தில் பழைய வண்ணாரப்பேட்டையும் மண்ணடியும் சவுகார்பேட்டையும் இருக்கின்றன. சந்து சந்தாகப் பிரியும் தெருக்கள், ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள். அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொல்கிறது. இந்தியாவில் சுமார் 37 சதவீதக் குடும்பங்கள் ஒற்றை அறை வீட்டில் வாழ்கின்றன.

அப்படிப்பட்ட வீட்டில் 'உள்ளே' என்பது கொஞ்சம்தான். குளியல், துவையல், தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் கழுவுவது, தாத்தா உட்காருவது, பசங்க படிப்பது எல்லாம் வாசல்படியிலும் நடையிலும் தெருக்குழாயடியிலும் நடக்கும். பொதுக் கழிப்பறையை நம்பியிருக்கும் வீடாக இருந்தால் அதுவும் வெளியேதான். தெரு அங்கே ஊர் சுற்றும் இடமல்ல, வீட்டின் இன்னொரு பாதி. 'வெளியே வராதே' என்ற உத்தரவு அந்தப் பாதியைப் பூட்டியது.

ஷிஃப்ட் முறையில் ஓடும் வீடு

ஒரே அறையில் ஆறு பேர் எப்படித்தான் இருப்பார்கள் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள். விஷயம் எளிது. ஆறு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பதில்லை.

துறைமுகத்திலோ எண்ணூர், மணலி ஆலைகளிலோ கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் அப்பா நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் வருவார். அவர் படுக்கும் நேரத்தில் பசங்க ஸ்கூலில் இருப்பார்கள். அம்மா விடியுமுன்னே காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கப் போயிருப்பார். சாயங்காலம் பிள்ளைகள் டியூஷன். ராத்திரி ஒருத்தர் வேலைக்கு, இன்னொருத்தர் மொட்டை மாடிக்கு. இப்படி ஆள் மாற்றி ஆள் பயன்படுத்துவதால்தான் அந்தச் சின்ன அறை எல்லோருக்கும் போதுமானதாக இருக்கிறது.

ஊரடங்கு இந்த ஷிஃப்ட்டை நிறுத்திவிட்டது. ஆறு பேரும் 24 மணி நேரமும் உள்ளே. ஏப்ரல், மே வெயில், தகரக் கூரை அல்லது தாழ்ந்த கான்கிரீட், ஒரே ஃபேன். வயசுப் பெண் உடை மாற்ற வேண்டுமென்றால் மற்ற ஐந்து பேரும் எழுந்து வாசலுக்குப் போக வேண்டும். வாசலுக்குப் போனால் ரோந்து போலீஸ் 'உள்ள போ' என்று விரட்டும்.

இதில் அதிகச் சுமை யார் தலையில் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. மூன்று வேளையும் எல்லோருக்கும் சமையல், கை கழுவக் கூடுதலாக நாலு குடம் தண்ணீர், பகல் முழுக்க வீட்டிலிருக்கும் ஆண்களின் எரிச்சல். குடும்ப வன்முறைப் புகார்கள் கூடுவதைப் பார்த்த தேசிய மகளிர் ஆணையம், 2020 ஏப்ரலிலேயே தனி வாட்ஸ்அப் எண்ணை அறிவித்தது. அடிப்பவர் அதே அறையில் உட்கார்ந்திருக்கும்போது, உதவி கேட்டு போனில் வாய் திறந்து பேச முடியுமா?

படிப்பும் அப்படித்தான். பத்தாம் வகுப்புத் தேர்வு நடக்குமா, நடக்காதா என்ற குழப்பம் ஜூன் 9 வரை நீடித்தது. அன்றுதான் 'ஆல் பாஸ்' அறிவிப்பு வந்தது. அதுவரை ஒரு பிள்ளை, ஒரே ரூமில் டிவி சத்தத்துக்கும் தம்பியின் அழுகைக்கும் நடுவே புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது.

'தனி அறையில் இருங்கள்'

வீட்டுத் தனிமைக்கு மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. காற்றோட்டமான தனி அறை, முடிந்தால் கழிப்பறையுடன் இணைந்தது. அதே அறையில் இன்னொருவர் இருக்க நேர்ந்தால் குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி.

மருத்துவ ரீதியில் இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில், 300 சதுர அடிக்கும் குறைவான வீட்டில், இரவில் பாய் விரித்தால் ஒருத்தர் கால் இன்னொருத்தர் தலையைத் தொடும். அங்கே அந்த ஒரு மீட்டரை எங்கே போய்த் தேடுவது? ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் வீடு முழுக்கக் காய்ச்சல் என்றுதான் அர்த்தம்.

மாற்று ஏற்பாடாகப் பாதுகாப்பு மையங்கள் வந்தன. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலும் கல்லூரி வளாகங்களிலும் படுக்கைகள் போடப்பட்டன. தேவையான ஏற்பாடுதான். ஆனால் திருவொற்றியூர்க்காரருக்கு நந்தம்பாக்கம் என்பது நகரத்தின் மறு கோடி. பஸ் இல்லை, ரயில் இல்லை, குடும்பத்தினர் ஒரு டிபன் கேரியர்கூடக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. பரிசோதனைக்கு ஆட்கள் தயங்கியதை 'அறியாமை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது.

கடலுக்கும் பூட்டு

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு முந்தைய வாரங்களில் கிடைக்கும் வருமானத்தை வைத்துத்தான் விசைப்படகுத் தொழிலாளர்கள் அந்த இரண்டு மாதத்தை ஓட்டுவார்கள். 2020-ல் அந்த வாரங்களை ஊரடங்கு எடுத்துக்கொண்டது. அது முடிவதற்குள் தடைக்காலம் வந்து சேர்ந்தது. தடையை அந்த ஆண்டு மட்டும் 47 நாளாகக் குறைத்து மே 31-ல் முடித்தார்கள். அதற்குள் நகைகள் அடகுக் கடைக்குப் போயிருந்தன.

அரிசி ரேஷன் அட்டைக்கு ஏப்ரலில் 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருட்களும் கிடைத்தன. ஜூன் ஊரடங்கில் மீண்டும் 1,000 ரூபாய். 12 நாள் வேலையில்லாத குடும்பத்துக்கு அந்த ஆயிரம் ரூபாய், நாள் ஒன்றுக்கு 83 ரூபாய்.

அப்படியானால் ஊரடங்கே தப்பா?

இல்லை. தடுப்பூசி இல்லாத, மருந்து தெளிவாகாத காலம் அது. ஸ்டான்லி மருத்துவமனையின் படுக்கைகள் ஒரே நாளில் நிரம்பாமல் இருக்க மக்கள் நடமாட்டத்தைக் குறைப்பது அவசியமாக இருந்தது.

ஆனால் ராயபுரத்தில் எண்ணிக்கை குறையத் தொடங்கியபோது தெருக்களில் நடந்தது என்ன என்பதைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் முகாம்கள் தெருவுக்கே வந்தன. மாநகராட்சிப் பணியாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பரிசோதனை அதிகரித்தது. ஜூலையில் கோடம்பாக்கமும் அண்ணாநகரும் பட்டியலில் மேலே ஏற, ராயபுரம் கீழே இறங்கியது. பூட்டோடு சேர்த்து, வாசல்வரை வந்த சேவையும் அதில் வேலை செய்திருக்கிறது.

2021 மே மாத ஊரடங்கில் இந்தப் பாடத்தின் ஒரு பகுதி தெரிந்தது. தளர்வில்லா ஊரடங்கின்போது வண்டிகளில் காய்கறி தெருவுக்கே வந்தது. ரேஷன் அட்டைக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் 14 வகை மளிகைப் பொருட்களும் கிடைத்தன. தண்ணீரும் கழிப்பறையும் தனி அறையும் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

சிங்கப்பூர் எழுதிய விதி

இதே பிரச்சினையைப் பணக்கார நாடு ஒன்றும் சந்தித்தது. 2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் தொற்று வெடித்தது, தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் உட்பட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதிகளில். ஓர் அறையில் பத்து, இருபது பேர் அடுக்குக் கட்டில்களில் படுத்திருந்த இடங்கள் அவை. அவர்களை மாதக்கணக்கில் உள்ளேயே அடைத்துவைத்த விதம் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது.

ஆனால் 2021 செப்டம்பரில் அந்த அரசு ஒரு வேலை செய்தது. புதிய விடுதிகளுக்கான விதியை மாற்றியது. ஓர் அறையில் அதிகபட்சம் 12 பேர், ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர், அறையோடு இணைந்த கழிப்பறை. நோய் கற்றுக்கொடுத்தது கட்டட விதியாக மாறியது.

நம்மிடம் இருக்கும் சட்டம் என்ன? 1897-ல், பம்பாய் பிளேக் காலத்தில் வந்த தொற்றுநோய்கள் சட்டம். முதலில் நான்கே பிரிவுகள். தடுக்கவும் தண்டிக்கவும் அதில் அதிகாரம் உண்டு. அடைத்துவைக்கப்பட்டவருக்கு அரசு என்ன தர வேண்டும் என்ற பட்டியல் கிடையாது.

இப்போ எதுக்கு இந்தப் பேச்சு?

அடுத்த உத்தரவு வைரஸுக்காகத்தான் வரும் என்றில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் வீடுகளுக்குள் எண்ணெய் வந்தது. அதே மாதம் 26-ம் தேதி இரவு, உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். வெள்ளம், வாயுக் கசிவு, வெப்ப அலை என எது வந்தாலும் முதல் அறிவிப்பு 'வீட்டிலேயே இருங்கள்' அல்லது 'வீட்டை விட்டு வெளியேறுங்கள்' என்பதாகத்தான் இருக்கும். இரண்டுக்குமே வீட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய ராக்கெட் சயன்ஸ் இல்லை. உத்தரவு அமலாகும் முன்பே அரிசியும் பணமும் வாசலுக்குப் போக வேண்டும். முன்னறிவிப்பு ஒரே நாளில் கூட்டத்தைக் கூட்டுவதாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு வார்டிலும் நடந்து போகிற தூரத்தில், தனிமைப்படுத்தலுக்கான பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ முன்பே அடையாளம் காணப்பட்டிருக்க வேண்டும். தெருவோரத் தண்ணீர்த் தொட்டியும் பொதுக் கழிப்பறையும் மருந்துக் கடை மாதிரி அத்தியாவசிய சேவைப் பட்டியலில் வர வேண்டும்.

இதற்கான தொடக்கம் 2020-லேயே இருந்தது. அந்த வெயிலில், முகக்கவசமும் நோட்டுமாக வந்த மாநகராட்சிப் பணியாளர்கள் சென்னையின் வாசல்களில் நின்று, "வீட்ல யாருக்காவது காய்ச்சல், சளி, இருமல் இருக்கா?" என்று கேட்டார்கள். அதே நோட்டில் இன்னும் மூன்று கேள்விகளுக்கு இடமிருக்கிறது. எத்தனை அறை? தண்ணீர் எங்கிருந்து? கழிப்பறை எங்கே?

அதைக் கேட்க இன்னொரு ஊரடங்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.